வெண்கல மினுக்கம்

கதவு நிலைக்குப் பக்கத்தில், தான் தீட்டாத ஒரு கோடு நிற்பதைத் தர்மிகன் பூதக்கண்ணாடி வழியே பார்த்தான்.

பெருவிரல் நகத்தைவிடச் சிறிய கேடயம் அது. பழங்காலத்துக் கிரேக்கக் காலாள் பொம்மைவீரன் ஒருவன் இடக்கையில் பிடித்திருக்கும் வட்டக் கேடயம். முதல் நாள் பின்னேரம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து அதிலே வெண்கலம் வரைந்திருந்தான். உலோகத்தூள் கலந்து குப்பியில் விற்கிற வர்ணத்தைத் தடவிவிட்டு, மினுங்குகிறது பார் என்று காட்டுவதெல்லாம் கைவராத சனங்களின் வேலை. அவன் மஞ்சளையும் பழுப்பையும் வெள்ளையையும் கொஞ்சம் கருமையையும் மட்டும் வைத்துக்கொண்டு, துலக்கிய வெண்கலத்தில் ஓர் அறை எப்படி வளைந்து தெரியுமோ அதை அப்படியே தூரிகை நுனியால் கொண்டுவருவான். அதற்காக மேசையில் ஒரு கரண்டியைக் களிமண் உருண்டையில் குத்தி நிறுத்தியிருந்தான். கரண்டியின் முதுகில் தெரிவதுதான் கேடயத்தில் வரும்: ஒரு பக்கம் யன்னல், மறுபக்கம் நடைவழிக்குத் திறக்கும் கதவு, நடுவில் குனிந்த அவனுடைய மொட்டைத் தலையும் தோளும். கரண்டியில் கதவு நிலைக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தான். அறையிலும் இல்லை.

தூரிகையிலிருந்து உதிர்ந்த மயிராக இருக்கும். ஜெர்மன் தூரிகை என்று பெயர்தான், அவர்களும் இப்போது குப்பையைத்தான் விற்கிறார்கள். ஊசி நுனியால் மெல்ல நெம்பினான். மயிர் இல்லை. வர்ணம். அவன் தீட்டிய வெள்ளைக்குக் கீழே, அதற்கும் முன்னால் காய்ந்துபோன வர்ணம்.

அதன்மேல் இன்னொரு பூச்சு வெள்ளை கொடுத்து மறைத்துவிட்டு, அடுத்த வீரனை எடுத்தான்.

செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் அவனுக்கு வேலை. ஒரு பல்லின் வெள்ளைக்குள் எத்தனை மஞ்சள் ஒளிந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் கண் தன்னுடையது என்பதில் அவனுக்கு ஒரு திமிர் உண்டு. அந்தக் கண்ணால் பார்த்தால் உலகத்தில் மதிக்கத் தக்கதாக அதிகம் எதுவும் தெரியாது. ஹொல்ம்லியாவில் ஒரு மண்டபத்தின் நிலவறையில் கூடும் பொம்மைவீரர் சங்கத்தில், கேடயச் சின்னங்களை அச்சடித்த தாளாக வாங்கித் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டிவிட்டுத் தங்களை ஓவியர் என்று அழைத்துக்கொள்ளும் நோர்வேஜியக் கிழவர்களை அவன் மதிக்கவில்லை. வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் மீன் வெட்டிய கதையை ஒவ்வொரு நத்தாருக்கும் அவிழ்த்துவிட்டு, "இந்த வயசிலையும் உனக்கு விளையாட்டுச் சாமானோ, தம்பி" என்று கேட்கும் மாமனார் ஞானரட்ணத்தை மதிக்கவில்லை. குகநேசனை எல்லோரையும்விடக் குறைவாக மதித்தான்.

குகநேசன் கணக்காய்வாளர். சங்கத்தில் அவர்கள் இருவர்தான் தமிழர். கோடையில் அவர் துரொண்ட்ஹெய்மில் இருக்கும் மகளிடம் குடிபெயர்ந்தபோது, தன் கிரேக்கப் படை முழுவதையும் ஒரு பெட்டியில் போட்டுத் தர்மிகனிடம் தந்துவிட்டுப் போனார். வார்ப்பு என்னவோ அற்புதம். விரல் நகம்கூடத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கேடயத்திலும் சின்னம் இல்லை, கோடு இல்லை, ஒளி இல்லை. வெறும் மண்ணிறம். பழுப்புச் சீஸை வட்டமாக வெட்டி ஒட்டியதுபோல இருந்தது.

"உடுப்பு, தலைக்கவசம் எல்லாம் உம்மடை விருப்பம், தம்பி," என்று அவர் சொன்னார். "கேடயத்தை மட்டும் அப்பிடியே விடும்."

"ஓம், அண்ணை," என்று தர்மிகன் சொன்னான். கார் திரும்பும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

சனிக்கிழமை சங்கத்தின் கண்காட்சி. அதற்காக அந்த வாரம் லீவு போட்டிருந்தான். மண்ணிறத்தைக் கரைத்து எடுக்கத்தான் நினைத்ததைவிட நேரம் போனது. ஒரு பூச்சு இல்லை, பூச்சுக்கு மேல் பூச்சாக, மரப்பட்டைபோல உரிந்து வந்தது. மனுசன் ஒரே கேடயத்துக்கு எத்தனை தடவை மண் அடித்திருக்கிறான் என்று தர்மிகனுக்கு எரிச்சல் வந்தது. வேலை தெரியாதவன்தான் திரும்பத் திரும்பப் பூசுவான்.

அவன் குடியிருந்த பியோர்ண்டாலில் டிசம்பர் மாதம் பின்னேரம் என்று ஒன்று வருவதில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் பனிச்சப்பாத்தை உதறும் சத்தம் படிக்கட்டில் கேட்கும்போதே யன்னல் கறுத்துவிடும். கீழே வழியில் பனி வழிக்கும் வண்டி தன் இரும்புப் பலகையைத் தார்மேல் இழுத்துக்கொண்டு போவதும், சுவரோரச் சூடேற்றி இடைக்கிடை 'டிக்' என்று சுருங்குவதும், மேல்வீட்டில் யாரோ கதிரையை நகர்த்துவதும் ஒன்றோடொன்று கலந்து ஒரு பழகிய இரைச்சலாக இருக்கும். அந்த இரைச்சலுக்குள், விளக்கு வட்டத்துக்குள், அவன் அடுத்த கேடயத்தை முடித்துப் பூதக்கண்ணாடியை இழுத்துவைத்துப் பார்த்தான்.

கோடு இப்போது நிலைக்குப் பக்கத்தில் இல்லை. நிலைக்கு உள்ளே வந்திருந்தது. கொஞ்சம் தடித்திருந்தது.

"சோஃபி," என்று கூப்பிட்டான்.

மகள் ஒரு காதில் பாட்டுக் குமிழோடு வந்து வாசலில் சாய்ந்து நின்றாள். மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளை. தகப்பனின் மேசையைப் பார்க்கும்போது அவள் முகத்தில் வரும் சலிப்பு அச்சொட்டாக அவனுடையதுதான்.

"என்ரை தூரிகையைத் தொட்டனீயோ?"

"எனக்குப் பள்ளிக்கூட லெக்ஸே செய்யவே நேரமில்லை. உங்கடை பொம்மையை ஏன் தொடுறன்?"

"அப்ப இது என்ன? வந்து பார்."

அவள் குனிந்து பூதக்கண்ணாடிக்குள் பார்த்தாள். அவன் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள். காதிலிருந்த குமிழைக் கழற்றினாள்.

"இது நானில்லை, அப்பா," என்றாள். "இந்த ஆள் என்னைவிட உயரம்."

"ஆர் ஆளைப்பற்றிக் கேட்டது? ஊத்தை பட்டிருக்கு எண்டு சொல்லுறன்."

"நீங்கள் ஆளைத்தானே கீறியிருக்கிறீங்கள்?" அவள் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதன் வழியாகக் கொஞ்சம் வேகமாக வெளியே போனாள்.

கலை தெரியாத பிள்ளை. ஒரு கறையைக் கண்டால் மூக்கும் கண்ணும் வைத்துவிடும். அவன் அந்தக் கேடயத்தை வர்ணம் கரைக்கும் கரைசலில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தான். அதில் வாசலைக் கவனமாக, வெளிச்சமாக, வெறுமையாக வைத்தான். வாசல் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கரிய உருவம் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில், அறைக்குள் நின்றது.

மனைவி கரோலினா, மருத்துவமனை வேலை முடிந்து வந்தபோது குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன இது, எண்ணெய் வர்ணம் மணக்குது? யன்னலைத் திறந்துபோட்டுப் பூசுங்கோவன்."

"நான் எண்ணெய் பாவிக்கிறதில்லை. தண்ணி வர்ணம். கலியாணம் கட்டின நாளிலையிருந்து சொல்லுறன், இன்னும் உமக்கு விளங்கேல்லை."

"எனக்கு மணக்குது," என்றாள் அவள். அவனோடு கதைத்து வெல்வதில் அவளுக்கு எப்போதோ ஆசை விட்டுப்போயிருந்தது.

அவனுக்கும் மணத்தது என்பதை அவன் சொல்லவில்லை. ஆளிவிதை எண்ணெயின் கனத்த, பழைய, தொண்டையில் ஒட்டும் வாசம். குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தான். எதிலும் இல்லை. மேசையில் இல்லை. முதுகுப் பக்கம் திரும்பினால் கூடியது.

அடுத்த நாள் கேடயத்தில் உருவம் கம்பளத்தின் நடுவில் நின்றது. அதற்கடுத்த நாள் கதிரைக்குப் பின்னால், ஒரு கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். முகம் இல்லை, அந்த அளவில் முகம் தீட்ட முடியாது, அவனாலும் முடியாது. ஆனாலும் அது தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒருவர் வேலை செய்வதைப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் சரிப்பார்கள். அவன் சங்கத்தில் மற்றவர்களின் மேசைகளுக்குப் பின்னால் நின்று அப்படித்தான் பார்ப்பான்.

கரண்டியில் எப்போதும்போல யன்னல், கதவு, அவன். வேறொன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டில் யாரும் இல்லாதபோது துரொண்ட்ஹெய்முக்குப் போன் எடுத்தான். பயந்து எடுக்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மண்ணிறத்துக்கு அடியில் என்ன மட்டமான வர்ணத்தைப் பூசி உலோகத்தைக் கெடுத்து வைத்திருக்கிறார் என்று கேட்கத்தான்.

"குகநேசண்ணை, தர்மிகன் கதைக்கிறன். ஒரு சின்ன விசயம்."

மறுபக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"கேடயத்தை மினுக்கிப் போட்டீர்," என்றார் குகநேசன்.

"அந்த மண்ணிறம் கண்காட்சிக்குச் சரிவராது, அண்ணை. அதுதான்..."

"எவ்வளவு கிட்ட வந்திட்டுது?"

சூடேற்றி 'டிக்' என்றது. தர்மிகன் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன கிட்ட வந்திட்டுது?" என்றான்.

"விளையாடாதையும், தம்பி. நான் வாங்கேக்கையே அதுகள் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆர் பூசினதெண்டு தெரியாது, வித்தவருக்கும் தெரியாது. என்னாலை அப்பிடிப் பூச ஏலாது, உம்மாலையும் ஏலாது. முதல்லை வாசல்லை நிண்டது. நான் கட்டிலுக்குப் பக்கத்திலை காணும்வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தனான், மடையன். பிறகு மூடிப்போட்டன். திரும்பத் திரும்ப மூடினனான்."

"ஆர் அண்ணை அது?"

"நான் கேட்டுப் பார்க்கேல்லை." அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "இண்டைக்கே மண்ணிறம் அடியும். எல்லாத்துக்கும். ஒண்டு கூட மிச்சம் விடாதையும்."

போனை வைத்த பிறகு தர்மிகனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அந்த ஒரு வசனம்தான் உள்ளே முள்ளாகக் குத்தியது. உம்மாலையும் ஏலாது. வருமான வரிப் பத்திரம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு மனுசன், நேராக ஒரு கோடு இழுக்கத் தெரியாத மனுசன், தன் கையை அளந்து சொல்கிறான். தனியே இருந்து மனம் பேதலித்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்ததால் தனக்கும் தொற்றியிருக்கிறது. வேறொன்றுமில்லை.

படைத்தலைவனின் கேடயம் மட்டும் மிச்சம் இருந்தது. அதை எடுத்தான். ஒவ்வொரு கோட்டையும் பார்த்துப் பார்த்து வைப்பது, என்ன வைக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி வைப்பது என்று முடிவுசெய்தான். பிறகு பார்ப்போம் எங்கிருந்து ஆள் வருகிறான் என்று.

"யன்னல்," என்று சொல்லி யன்னலை வைத்தான். "திரைச்சீலை." "அலுமாரியின்ரை நிழல்." "கதவு இருட்டு." "என்ரை தோள்." தூரிகை நுனி ஒருமுறைகூட அவன் சொல்லாத இடத்துக்குப் போகவில்லை. கை அற்புதமாக வந்தது. இப்படி அவனுக்கு முன்னொரு நாளும் வந்ததில்லை. வெளிச்சம் கேடயத்தின் வளைவில் தேன்போல வழிந்து இறங்கியது.

கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு நிமிர்ந்து, முழுவதையும் ஒருசேரப் பார்த்தான்.

அலுமாரியின் நிழல் ஒரு தோளாக இருந்தது. கதவு இருட்டு தலைமயிராக இருந்தது. திரைச்சீலையின் மடிப்பு நீட்டிய ஒரு கையாக இருந்தது. ஒவ்வொரு கோடும் அவன் வைத்தது. எல்லாம் சேர்ந்து நின்றது அவன் வைத்தது அல்ல. அது அவனுடைய கதிரையின் முதுகில் கையூன்றிக் குனிந்திருந்தது.

கதிரை மெல்ல முனகியது.

அவன் எழும்பவில்லை. எழும்பினால் திரும்ப வேண்டும். மண்ணிறக் குப்பியை எடுத்தான். பெரிய தட்டைத் தூரிகையை எடுத்தான். வரிசையில் முதலாவது கேடயத்தை ஒரே இழுப்பில் மூடினான். அடுத்தது. அதற்கடுத்தது. அவசரத்தில் மண்ணிறம் தலைக்கவசத்தில் பட்டது, முகத்தில் பட்டது, பரவாயில்லை. பின்னால் எண்ணெய் வாசம் ஒரு போர்வைபோலக் கனத்தது. மூடினான். மூடினான். பழுப்புச் சீஸ் துண்டுகள்போல அவை ஒவ்வொன்றாகக் குருடாகின.

படைத்தலைவன் மட்டும் மிச்சம்.

தூரிகையைக் கொண்டுபோனான். நிறுத்தினான்.

இப்படி ஒன்றை அவன் இனித் தீட்டப் போவதில்லை. அது அவனுக்குத் தெரிந்தது. நாளைக்கு அந்த நிலவறையில் இதை வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டுகிற கிழவர்கள் வாயைப் பிளப்பார்கள். குகநேசன் சொல்கிறான் என்பதற்காக இதன்மேல் மண்ணை அள்ளிக் கொட்டுவதா? உருவத்தை மட்டும் எடுத்தால் போதாதா?

தட்டைத் தூரிகையை வைத்துவிட்டு, மெல்லிய தூரிகையை எடுத்தான். தோளை உடைத்து மீண்டும் நிழலாக்கினான். தலைமயிருக்குள் நடைவழி விளக்கின் ஒரு கீற்றை வைத்தான். கையைத் திரைச்சீலைக்குத் திருப்பிக் கொடுத்தான். நிமிர்ந்து பார்த்தான்.

அறை வெறுமையாக இருந்தது. யன்னல், கதவு, குனிந்த தலை. வேறு யாரும் இல்லை. எண்ணெய் வாசமும் இல்லை. பனி வண்டி எங்கோ தூரத்தில் தேய்த்துக்கொண்டு போனது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. கணக்காய்வாளன், என்று நினைத்தான். ஒரு குட்டிச் சிப்பாயைப் பார்த்து ஊரைவிட்டே ஓடிய கணக்காய்வாளன்.

போன் அதிர்ந்தது. சோஃபியின் செய்தி: பஸ்ஸில் வருகிறாள், பசிக்கிறது.

அவன் கேடயத்தை விளக்கடியில் இன்னும் கொஞ்சம் திருப்பினான். ஒளி சுழன்றது. அழகு.

அப்போது பிடரியில் ஈரமாக ஏதோ பட்டது.

சிறிய புள்ளி. குளிர். மேலிருந்து தண்ணீர் சொட்டியதென்று கையைத் தூக்கப் போனான். கை எழவில்லை. அந்தப் புள்ளி நகர்ந்தது. மெல்ல வளைந்தது. மொட்டைத் தலையின் பின்புறத்தில், காதோரத்திலிருந்து காதோரத்துக்கு, ஒரு வட்டத்தின் மேல்பாதி.

தூரிகை.

மிக மெல்லிய தூரிகை. மயிர் மயிராகத் தெரிந்தது. அழுத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வட்டத்தை மூடியது. உள்ளே அடிப்பூச்சு கொடுத்தது. எண்ணெய்ப் பிசுக்கு. பொறுத்தது. அடுத்த பூச்சு. மெல்லியதாக. இன்னும் மெல்லியதாக.

அவனுடைய தண்ணீர்க் குவளை அவனுக்கு முன்னால்தான் இருந்தது. யாரும் தொடவில்லை. அதற்குள் தண்ணீர் ஒருமுறை சுழன்றது. மஞ்சளாகக் கலங்கியது.

தூரிகை திரும்ப வந்தது.

கண்ணை மட்டும் அசைக்க முடிந்தது. கரண்டியைப் பார்த்தான். யன்னல். கதவு. அவன். வேறொன்றுமில்லை. கரண்டிக்குள் அவன் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பிடரியில் ஒளி வைக்கப்படுவது தெரிந்தது. அது அவனுக்குத் தெரியும். கடைசியில்தான் ஒளி வைப்பார்கள். ஒரு நீளக் கீற்று, யன்னலுக்கு. ஒரு சதுரம், கதவுக்கு. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு கையை அவனால் குறை சொல்ல முடியவில்லை.

வெளிக்கதவில் திறப்புத் திரும்பியது. பனிச்சப்பாத்து உதறும் சத்தம். பை நிலத்தில் விழும் சத்தம்.

"அப்பா, சாப்பிட என்ன இருக்கு?"

போ என்று சொல்ல நினைத்தான். ஓடு என்று சொல்ல நினைத்தான். உதடு திறக்கவில்லை.

காலடி நடைவழியால் வந்தது. வாசலில் நின்றது.

தூரிகை எடுக்கப்பட்டது.

"அப்பா?"

அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு.

"அப்பா," என்றாள் சோஃபி, சின்னப் பிள்ளைக் குரலில். "உங்கடை பிடரியிலை நான் தெரியுறன். எனக்குப் பின்னாலை நிக்கிறது ஆர்?"